பொருள் எந்தக் கட்டத்தில், வாங்குபவர் எந்தக் கட்டத்தில்: சந்தை ஆய்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

விற்பனை இரண்டு மாதம் சரிந்தால் போதும், "பொருளுக்குக் காலம் முடிஞ்சுது, பாக்கெட்டை மாத்துங்க" என்ற பேச்சு கிளம்பிவிடும். பல நேரம் பொருள் நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருக்கும். பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டிருப்பார்கள். சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும்.

அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்பவை பொருளின் கட்டங்கள். கேள்விப்படுவது, வாங்கிப் பார்ப்பது, தொடர்ந்து வாங்குவது, விட்டுவிடுவது என்பவை வாங்குபவரின் கட்டங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. எனவே தனித்தனியே அளந்துவிட்டு, கடைசியில்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இடறுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு இட்லி, தோசை மாவு பாக்கெட்டை வைத்துக்கொள்கிறேன். அடிக்கடி வாங்கப்படும், சீக்கிரம் புளித்துவிடும், முக்கியப் போட்டியாளர் வாங்குபவரின் வீட்டுக்குள்ளேயே கிரைண்டர் வடிவில் இருக்கிறார். ஆய்வில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இதில் உண்டு. கீழே வரும் விற்பனை எண்கள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது இரண்டு வருட விற்பனைக் கணக்கு, வாரவாரியாக, கடைவாரியாக. ரிட்டர்ன் வந்தது தனிப் பத்தியில். விலை ஏற்றிய தேதிகள், ஸ்கீம் கொடுத்த தேதிகள். ஒவ்வொரு கடைக்கும் முதன்முதலில் சரக்கு போன தேதி. இவை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு பாதியும், கடை கடையாகச் சரக்கு இறக்கும் லைன் வண்டிக்காரரின் நோட்டில் மறு பாதியும் இருக்கும். நோட்டையும் வாங்கி எக்செல்லில் ஏற்றிவிடுங்கள்; ரிட்டர்னுக்கான காரணம் பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும்.

இது கைக்கு வரும்வரை கேள்வித்தாள் எழுத உட்காராதீர்கள். கணக்கே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகளை வீடு வீடாகப் போய்க் கேட்பது வீண் செலவு.

1. எந்த முடிவுக்காக இந்த ஆய்வு என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்ள" என்பது முடிவு அல்ல. "அடுத்த ஆறு மாத விளம்பரப் பணத்தைப் புது ஆட்களைப் பிடிக்கச் செலவிடுவதா, விட்டுப்போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரச் செலவிடுவதா" என்பது முடிவு. இப்படி எழுதினால்தான் எந்தக் கட்டத்து ஆட்களை அதிகம் சந்திக்க வேண்டும் என்பது தெரியும்.

முதலாளியிடம் இந்த வாக்கியத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வழியில் "அப்படியே புது சிறுதானிய மாவு பத்தியும் ரெண்டு கேள்வி சேர்த்துடுங்க" என்று வரும்போது மறுக்க உதவும்.

2. சந்தையின் எல்லையைக் கட்டுங்கள்

மாவு பாக்கெட் வளர்கிறதா, முதிர்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு எல்லையைப் பொறுத்து விடை மாறும். பாக்கெட் மாவை மட்டும் சந்தையாக எடுத்தால், எல்லாக் கடையிலும் நாலைந்து பிராண்டு அடுக்கியிருக்கும் பேட்டையில் அது முதிர்ந்த சந்தை. அதே தெருவில் தூக்கு எடுத்துப் போய் வாங்கும் லூஸ் மாவையும் வீட்டில் ஆட்டுவதையும் சேர்த்து எண்ணினால், பாக்கெட்டுக்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கலாம்.

மூன்று அடுக்காகப் பிரித்து எழுதுங்கள்: வகை (இட்லி, தோசை மாவு முழுவதும்), வடிவம் (பாக்கெட், லூஸ், வீட்டு மாவு), பிராண்டு (உங்களுடையது). ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். வகை முதிர்ந்திருக்க, வடிவம் வளர்ந்துகொண்டிருக்க, உங்கள் பிராண்டு மட்டும் சரிந்துகொண்டிருக்கலாம். அப்போது "சந்தை டல்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

3. விற்பனைக் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய வேலை இதுதான். இதைத் தாண்டாமல் வரையும் வளைகோடு பொருளின் கட்டத்தைக் காட்டாது. விலையேற்றத்தையும் பண்டிகையையும் கடை எண்ணிக்கையையும் கலந்து காட்டும்.

முதலில் ரூபாயை விட்டுவிட்டுப் பாக்கெட் எண்ணிக்கைக்கு வாருங்கள். 35 ரூபாய் விலையில் 10,000 பாக்கெட் என்றால் வரவு 3,50,000. விலையை 40 ஆக்கிய பிறகு 9,000 பாக்கெட் போனால் 3,60,000. ரூபாய்க் கணக்கில் வளர்ச்சி, அடுப்படிக் கணக்கில் சரிவு.

அடுத்து ரிட்டர்னைக் கழியுங்கள். கடையில் 50 பாக்கெட் இறக்கி 15 திரும்பினால் விற்றது 35தான். ஆனால் ரிட்டர்ன் கூடினால் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். வெயில் காலத்தில் மாவு வேகமாகப் பொங்கும். இரவு ஷட்டரை இறக்கும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போகும் கடைக்காரர்கள் உண்டு. அந்தக் கடையில் காலையில் பாக்கெட் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். கடைவாரியாக ரிட்டர்னை வரிசைப்படுத்துங்கள். ஒரு சில கடைகளில் மட்டும் குவிந்தால் அது குளிர்சாதனக் கோளாறு. எல்லாக் கடையிலும் சீராகக் கூடினால்தான் பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, நாட்காட்டி. போன வருட நவம்பரோடு இந்த வருட நவம்பரை ஒப்பிடுவது நம் ஊரில் ஆபத்தான பழக்கம். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால் பண்டிகை ஒரு பக்கம் விழுந்து இல்லாத ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், பிந்தைய இரண்டு வாரம் என்று எடுத்து ஒப்பிடுங்கள். பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் சென்னை பாதி காலியாகிவிடும். அந்தச் சரிவு வாடிக்கையாளர் போனதால் வந்ததல்ல, ஊருக்குப் போனதால் வந்தது. அமாவாசை, கிருத்திகை என்று ஒருபொழுது இருக்கும் வீடுகளில் இரவு டிபன்தான். உங்கள் வாரக் கணக்கில் அந்த நாட்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, கடை எண்ணிக்கை. 100 கடையில் 10,000 பாக்கெட் போனது, 150 கடையில் 12,000 ஆகியிருக்கிறது. மொத்தம் கூடியிருக்கிறது, ஆனால் கடைக்கு 100 என்றிருந்தது 80 ஆகிவிட்டது. புதுக் கடைகள் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் பழைய 100 கடைகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். அவையும் இறங்கியிருந்தால், விரிவாக்கம் ஒரு சரிவை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

4. முதல் முறை வாங்கியதையும் மறுமுறை வாங்கியதையும் பிரியுங்கள்

மாவு மாதிரி அடிக்கடி வாங்கும் பொருளில், விற்பனை என்பது இரண்டு நதிகள் சேர்ந்த வெள்ளம்: புதிதாக வாங்கிப் பார்ப்பவர்கள், திரும்ப வாங்குபவர்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் எது வற்றுகிறது என்று தெரியாது.

பார்ஃபிட், காலின்ஸ் என்ற சந்தை ஆய்வாளர்கள் இருவரும் 1968-இல் முன்வைத்த எளிய பெருக்கல் இன்றும் கை கொடுக்கிறது. ஒருமுறையாவது வாங்கிப் பார்த்த வீடுகளின் பங்கு, அந்த வீடுகள் அடுத்தடுத்து வாங்கும் மாவில் உங்களுடையதன் பங்கு, சராசரி வீட்டோடு ஒப்பிட்டால் அவர்கள் எவ்வளவு மாவு வாங்குகிறார்கள் என்ற விகிதம். மூன்றையும் பெருக்கினால் சந்தைப் பங்கு. 30 சதவீதம் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அடுத்தடுத்து வாங்கும் மாவில் 25 சதவீதம் உங்களுடையது. ஆனால் அவை சிறிய குடும்பங்கள், விகிதம் 0.8. விடை 6 சதவீதம். முதல் எண் கூடி இரண்டாம் எண் குறைந்துகொண்டே வந்தால், விளம்பரம் வேலை செய்கிறது, மாவு செய்யவில்லை.

இந்தத் தகவல் கடைக் கணக்கில் கிடைக்காது. யார் வாங்கினார் என்பது அண்ணாச்சியின் நினைவில்தான் இருக்கும். சில நூறு வீடுகளைச் சேர்த்து, காலி பாக்கெட்டில் தேதி அச்சிட்ட துண்டை மட்டும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பிராண்டாக இருந்தாலும் போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்த உங்கள் துண்டை மட்டும் சேர்ப்பார்கள். முழுப் பாக்கெட்டைக் கேட்காதீர்கள். இரண்டாம் நாளே புளித்த வாடை அடித்துக் குப்பைக்குப் போய்விடும்.

5. இப்போது பொருளின் கட்டத்தைக் குறியுங்கள்

முதல் முறை வாங்குபவர்கள் பெருகிக்கொண்டிருந்தால் வளர்ச்சி. புதியவர் வரவு நின்று, மறுமுறை வாங்குவது நிலையாக இருந்தால் முதிர்ச்சி. மறுமுறையும் குறைந்தால் சரிவு. இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். புதிய பொருளை முதலில் ஏற்பவர்களிலிருந்து கடைசியாக ஏற்பவர்கள்வரை ஐந்து பிரிவாக எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் தந்த 2.5, 13.5, 34, 34, 16 சதவீதப் பிரிவை எடுத்து, இன்றைய வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே கூறு போடுவது ஒன்று. அந்தப் பிரிவு, ஏற்கப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்று முடித்த பிறகு, யார் எப்போது ஏற்றார் என்பதை வைத்துப் பிரிப்பது. இன்னும் பாதிப் பேர் வராத பொருளில் கடைசி 16 சதவீதம் யார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, ஃபிராங்க் பாஸ் 1969-இல் வெளியிட்ட பரவல் கணிப்பு முறையை மாவுக்குப் பொருத்துவது. அது டிவி, ஃபிரிட்ஜ் போல எப்போதாவது வாங்கும் சாமானின் முதல் கொள்முதலுக்கானது. கிரைண்டருக்குப் பொருந்தும், கிரைண்டரில் அரைக்கும் மாவுக்குப் பொருந்தாது.

6. வாங்குபவரின் கட்டத்தை நடத்தையால் வரையறுங்கள்

"விசுவாசமான வாடிக்கையாளர்" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். எண்ணக்கூடியதாக எழுதுங்கள். கேள்விப்படாதவர்; கேள்விப்பட்டும் வாங்காதவர்; ஒரே முறை வாங்கியவர்; தொடர்பவர்; இடைவெளி விழுந்தவர்; விட்டவர்; விட்டுத் திரும்பியவர்.

இடைவெளி எத்தனை நாள் என்பதை மனக்கணக்காக வைக்காதீர்கள். வெட்டிச் சேர்த்த துண்டுகளிலிருந்து இரண்டு கொள்முதலுக்கு நடுவே எத்தனை நாள் என்று வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். அது 6 நாள் என்றால், அதைப்போல் மூன்று மடங்கான 18 நாள் தாண்டியவரை "இடைவெளி விழுந்தவர்" பட்டியலில் வைக்கலாம். மூன்று மடங்கு என்பது விதியல்ல. பொருளுக்குப் பொருள் மாறும். ஆய்வு முடியும்வரை ஒரே அளவை வைத்திருப்பதுதான் முக்கியம்.

7. குடும்பத்தின் கட்டத்தைத் தனியாகக் குறியுங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் "விட்டவர்" எல்லோரையும் அதிருப்தியாளர் என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

கல்யாணமாகி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு வாரம் இரண்டு பாக்கெட் வாங்கும். தலைப்பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டுக்குப் போனால் மாதக்கணக்கில் கொள்முதல் நின்றுபோகும். குழந்தையோடு திரும்பும்போது கூடவே அம்மாவும் வருவார்; மூலையில் கிடந்த கிரைண்டர் மறுபடி ஓடும். குழந்தை கொஞ்சம் வளர்ந்து, பாட்டி ஊருக்குத் திரும்பியதும் பாக்கெட் மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வரும். கணக்கில் இவர் "தொடர்பவர், விட்டவர், திரும்பியவர்" என்று மூன்று வேஷம் போட்டிருப்பார். உங்கள் மாவைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

வயதைக் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் இப்போது யார் யார் சாப்பிடுகிறார்கள், போன ஆறு மாதத்தில் யாராவது வந்தார்களா, போனார்களா என்று கேளுங்கள். தனி ஆள், தம்பதி, குழந்தை, பிள்ளைகள் வெளியேறிய வீடு என்ற வெளிநாட்டுப் பாடநூல் வரிசை நமக்கு அப்படியே ஒத்துவராது. பெரியவர்கள் வந்து போகும் வீட்டுக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும். மேன்ஷனிலும் பேயிங் கெஸ்டிலும் தங்குபவர்களைத் தனியே வையுங்கள். அடுப்பே இல்லாதவர்களிடம் மாவைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

8. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டவர்களை அதிகமாக எடுங்கள்

கடை வாசலில் நின்று கேட்டால் தொடர்பவர்தான் கிடைப்பார். எல்லோரும் மாவு அருமை என்பார்கள். அருமை என்பதால்தான் அங்கே நிற்கிறார்கள். விட்டவரைக் காண வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதே தெருவில், வாங்குபவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் கதவைத் தட்டி, யார் எந்தக் கட்டம் என்று பிரிக்கும் சல்லடைக் கேள்வி கேட்டுப் பிரித்தெடுங்கள்.

ஒரு கட்டத்துக்கு 100 பேர் இருந்தால் சதவீதத்தில் ஏறத்தாழ 10 புள்ளி முன்பின் பிழை இருக்கும். 400 பேர் என்றால் 5 புள்ளி. முழுக்கக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கணக்கும் பொருந்தும். 30 பேர் மட்டுமே கிடைத்த கட்டத்துக்குச் சதவீதம் அச்சிடாதீர்கள், "30-இல் 11 பேர்" என்று எழுதுங்கள்.

விட்டவர்களை வேண்டுமென்றே அதிகம் எடுத்திருப்பதால், மொத்த எண் சொல்லும்போது உண்மை விகிதத்துக்கு எடை போட்டுக் குறைக்க வேண்டும். இதை மறந்தால் ஊரே உங்களை விட்டுவிட்டது போல அறிக்கை பயமுறுத்தும்.

தொலைபேசி எண் வாங்கினால் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இதுதான் மரியாதை.

9. கேள்வியைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்காமல் கடைசி நிகழ்வைப் பற்றிக் கேளுங்கள்

களத்தில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். கேட்கிற பெண், "அக்கா, நீங்க பாக்கெட் மாவு வாங்குவீங்களா?" என்கிறார். கதவைப் பாதி திறந்தபடி அந்த அக்கா உள்ளே ஒரு பார்வை பார்க்கிறார். கூடத்தில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "இல்லம்மா, நாங்க வீட்லயே ஆட்டுறதுதான்." கேள்வித்தாளில் "வாங்குவதில்லை" என்று பதிவாகிவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பாக்கெட் கிளிப் போட்டு மடித்து நின்றுகொண்டிருக்கும்.

அவர் பொய் சொன்னார் என்று கோபப்பட ஒன்றுமில்லை; கேள்வி அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டது. "கடைசியா தோசை ஊத்துனது என்னைக்குக்கா? அந்த மாவு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டால், "திங்கக்கிழமை... அன்னைக்கு அவசரத்துக்குக் கடையில வாங்குனோம்" என்று வரும். "அவசரத்துக்கு" என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை அவசரம் வருகிறது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

நாள் கணக்கு கேட்கும்போது, நடந்ததை நாம் சமீபத்துக்கு இழுத்துவிடுவோம். நாலு மாதம் முன் வாங்கியதை "போன மாசம்" என்போம். "ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா? ஆடி அமாவாசைக்கு முன்னாடியா?" என்று ஏதாவது ஒரு முளையில் கட்டிக் கேளுங்கள்.

விட்டவரிடம் "ஏன் விட்டீங்க" என்று எடுத்தவுடன் கேட்டால் "விலை" என்ற பதில்தான் வரும். அது கதவை மூடும் பதில். கடைசி பாக்கெட்டை வாங்கிய நாள், அதில் என்ன செய்தீர்கள், மறுவாரம் மாவு எங்கிருந்து வந்தது என்று நடந்த வரிசையில் கேட்டுக்கொண்டே போங்கள். காரணம் நடுவில் தானாக விழும்: கடையில் இரண்டு நாள் சரக்கு இல்லை; பக்கத்து பிராண்டை எடுத்தோம்; அதுவே பழகிவிட்டது.

நேரமும் முக்கியம். காலை 6-லிருந்து 9 வரை எந்த வீட்டிலும் மணி அடிக்காதீர்கள்.

10. வாங்கத் தொடங்கிய மாதப்படி அட்டவணை போடுங்கள்

எல்லா வாடிக்கையாளரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் புதியவர் வரவு பழையவர் இழப்பை மறைத்துவிடும். ஜனவரியில் முதல்முறை வாங்கியவர்களை ஒரு வரிசையில் வையுங்கள், பிப்ரவரிக்காரர்களை அடுத்த வரிசையில். குறுக்கே அவர்களுடைய முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்.

ஜனவரியில் சேர்ந்த 100 வீட்டில் இரண்டாம் மாதம் 45, மூன்றாம் மாதம் 38, நான்காம் மாதம் 36 வீடு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் சேர்ந்த 200 வீட்டில் இரண்டாம் மாதம் 60 மட்டும் வாங்கியது. தலையை எண்ணினால் 45-ஐ விட 60 பெரிது. ஆனால் 45 சதவீதம் தங்கிய இடத்தில் இப்போது 30 சதவீதம்தான் தங்குகிறது. ஏப்ரலில் என்ன மாறியது என்று தேட வேண்டும்: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் ஸ்கீமில் வந்த கூட்டமா, வெயிலில் புளித்த மாவா, அரிசி மாற்றமா? கடைகளைத் தொடங்கிய மாதப்படி இதேபோல் இன்னொரு அட்டவணை போட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் மாதத்தை இரண்டாம் மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஜனவரிக்காரர்களின் இன்றைய நிலையை ஏப்ரல்காரர்களின் இன்றைய நிலையோடு ஒப்பிடுவது, பத்தாவது படிப்பவனையும் ஒன்றாவது படிப்பவனையும் ஒரே பரீட்சைக்கு உட்கார வைப்பதுதான்.

11. இரண்டு கட்டங்களையும் குறுக்கே வையுங்கள்

ஒரு அட்டவணை போடுங்கள்: மேலே பொருளின் கட்டம், பக்கவாட்டில் வாங்குபவரின் கட்டம். அதில் எல்லாப் பெட்டியையும் நிரப்ப முயலாதீர்கள். முதல் படியில் எழுதிய முடிவைத் தொடும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஆழமாகப் போனால் போதும்.

பொருள் அறிமுகத்தில் இருந்தால் ஒரே முறை வாங்கியவர்கள்தான் தங்கம். எண்ணிக்கை குறைவு என்பதால் கணக்கெடுப்பு வேண்டாம். அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மாவு ஊற்றுவதைப் பாருங்கள். வளர்ச்சியில் இருந்தால், பத்தாம் படியின் அட்டவணையில் புதியவர்கள் தங்குகிறார்களா என்பதே கேள்வி. முதிர்ச்சியில், தொடர்பவரின் டப்பாவில் எத்தனை பிராண்டுத் துண்டுகள் கலந்து கிடக்கின்றன என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அங்கே இருக்கும். சரிவில் விட்டவர்களோடு இன்னும் தொடர்பவர்களையும் சந்தியுங்கள். எல்லோரும் போன பிறகும் இவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதற்குள் ஒரு சிறிய, லாபமுள்ள சந்தை ஒளிந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அப்போது நிறுத்தச் சொல்லி எழுதத் தயங்காதீர்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் பொருள் எந்தக் கட்டம், எந்த எல்லைக்குள், எந்த ஆதாரத்தால் என்று எழுதுங்கள். அடுத்து, வாங்குபவர் எந்தக் கட்டத்தில் அதிகம் கழன்றுகொள்கிறார், அதில் எத்தனை பேர் வீட்டு நிலைமையால், எத்தனை பேர் மாவால், எத்தனை பேர் கடையில் சரக்கு இல்லாததால் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் வகைக்குப் பணம் செலவிட்டுப் பயனில்லை. அவர்கள் திரும்பும்போது கடையில் பாக்கெட் இருந்தால் போதும். இரண்டாவது உற்பத்தி பார்க்கிறவர் வேலை. மூன்றாவது லைன் வண்டி எத்தனை மணிக்குப் போகிறது என்பதிலேயே தீரலாம்.

முழு ஆய்வையும் ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மாதாமாதம் பத்தாம் படியின் அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். இரண்டாம் மாதத்தில் தங்குவோர் விகிதம் தொடர்ந்து மூன்று மாதம் இறங்கினால், நேராக எட்டாம், ஒன்பதாம் படிக்குப் போய் விட்டவர்களைத் தேடுங்கள்.